தரங்கம்பாடிக் கடற்கரையில் கிடைத்த மோதிரம், ஒற்றைத் தோடு, ஓட்டைக் காசு: எங்கிருந்து வந்தன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் அடித்த புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், தரங்கம்பாடிக்குத் தெற்கே சந்திரபாடிப் பக்கம் நடந்துபோன உங்கள் தாய்மாமா, அலை அரித்துச் செங்குத்தாக நின்ற மணல் கரையின் அடியில் மூன்று பொருள்களைக் கண்டெடுத்திருக்கிறார். ஒரு கல் மோதிரம், சிவப்புக் கல் பதித்த ஒற்றைத் தோடு, துளையிட்ட மெல்லிய பொற்காசு ஒன்று. மூன்றும் ஒரு முழத்துக்குள் கிடந்தன. முன்பு இங்கே கோட்டை கட்டியிருந்த டேனிஷ்காரர், அதாவது டென்மார்க் நாட்டவர், விட்டுச்சென்ற புதையல் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கடைவீதியில் ஒருவர், எடைக்கு எடை தங்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இவை எந்தக் காலத்தவை, யாருடையவை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது உங்கள் கேள்வி.

என் தந்தை நாகப்பட்டினத்தில் பட்டறை வைத்திருந்த பத்தர். ஊதுகுழலுக்கும் உரைகல்லுக்கும் நடுவே வளர்ந்தவன் நான். பிறகு பழைய நகைகளை ஆராய்ந்து காலம் சொல்வதையே தொழிலாகக் கொண்டேன். நீங்கள் அனுப்பிய படங்களை நான்கு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்கிறேன், காரணங்கள் பின்னால் வரும். இவற்றில் எதுவும் டேனிஷ்காரர் விட்டுச்சென்றதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்றும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களில் செய்யப்பட்டவை. ஆனாலும் கடைசியாக ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் இருந்திருக்கக்கூடும். அந்த வீடு கடலை விட்டு அதிக தூரத்தில் இருந்திருக்காது, அது போய் அதிகக் காலமும் ஆகியிருக்காது.

முதல் வேண்டுகோள்: யாரும் இவற்றைத் தேய்க்கக் கூடாது. புளி, பூந்திக்கொட்டை, பல்பொடி, பட்டறை அமிலம் எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி, இப்படி நாலைந்து முறை உப்பைப் போக்கினால் போதும். தோட்டை மட்டும் ஊறவைக்காமல், தண்ணீரில் காட்டி எடுத்துத் துணியில் ஒற்றுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன். இடுக்கில் இருக்கும் மணலையும் சுண்ணாம்பு போன்ற வெண்படிவையும் குத்தி எடுக்காதீர்கள். நமக்கு அது அழுக்காகத் தெரிந்தாலும், இந்தப் பொருள் எங்கே எவ்வளவு நாள் கிடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. உருக்கித் தருகிறேன் என்பவரிடம் ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்காதீர்கள். உருகிய பிறகு எந்த நிபுணராலும் எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது, கிடைத்த இடம். பலரும் பொருளையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், இடத்தைக் கேட்டால் கையை நீட்டி "அந்தப் பக்கம்" என்பார்கள். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பழைய மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருவரின் பெயரை அவர் விரலில் இருந்த எழுத்திலேயே படிக்க முடிகிறது! ஆனால் அவற்றில் பல, ஆற்று மணலைச் சலிப்பவர்கள் கையில் கிடைத்து வியாபாரிகள் வழியாகக் கைமாறியவை. எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தன என்ற குறிப்பு இல்லாமல் போனது. அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம். உங்கள் மாமாவை இந்த வாரமே அதே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பைப் பதிவுசெய்யுங்கள். மணல் கரை எவ்வளவு உயரம், பொருள்கள் மேலிருந்து எத்தனை அடி கீழே இருந்தன, மணலின் நிறம் என்ன, ஓட்டு உடைசல், செங்கல், சிமெண்ட் துண்டு, பிளாஸ்டிக் ஏதாவது அதே மட்டத்தில் இருந்ததா என்று அவர் நினைவிலிருந்து எழுதி வாங்குங்கள். அதே மட்டத்தில் ஒரு ஷாம்பு உறை கிடந்திருந்தால் நம் கதையே மாறிவிடும்.

மணலின் நிறத்தை ஏன் கேட்கிறேன் என்றால், கடல் பொருள்களை எடை பார்த்துச் சேர்க்கிறது, காலம் பார்த்துச் சேர்ப்பதில்லை. சாதாரண வெண்மணல் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமான கனம். கருமணலில் உள்ள இல்மனைட் நாலரை மடங்குக்கு மேல். சுத்தத் தங்கமோ 19 மடங்குக்கு மேல். புயல் அலை வெண்மணலை வாரிக்கொண்டு போகும்போது கனமானவை போகாமல் அடியில் தங்கும். அதனால்தான் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரை அரிபட்ட பிறகு கருமணல் பட்டையும், அதன் மேல் காசும் ஈயக் குண்டும் நகையும் தெரிகின்றன. இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, தங்கம் கரையோரமாக அதிக தூரம் பயணம் செய்வதில்லை. விழுந்த இடத்துக்கு அருகிலேயே கீழே கீழே இறங்கும். இரண்டு, ஒரு முழத்துக்குள் மூன்று பொருள்கள் கிடந்ததால் மட்டும் அவை ஒரே நாளில் தொலைந்தவை என்று ஆகாது. 1700இல் விழுந்த காசும் போன பொங்கலுக்கு விழுந்த கம்மலும் ஒரே கருமணல் பட்டையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கலாம். ஆகவே ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

காசிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்குப் பிடித்தமானது. உங்கள் மாமா "மரம் ஏறுகிற ஆள்" என்று சொன்ன உருவத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது வெனிஸ் நகரின் பொற்காசு, டுகாட் என்பார்கள், சிக்கின் என்றும் சொல்வதுண்டு. அதில் நிற்பவர் புனித மாற்கு. அவர் முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பத்தைப் பிடித்திருப்பவர் வெனிஸின் ஆட்சித்தலைவர். தென்னாட்டு மக்கள் அந்தக் கம்பத்தைப் பனையாகவும், பிடித்திருப்பவரைப் பனையேறுபவராகவும் பார்த்தார்கள். உங்கள் மாமா இருநூறு முந்நூறு ஆண்டுக்கு முந்தைய நம் முன்னோர் சொன்னதையே, யாரும் சொல்லித்தராமல் சொல்லியிருக்கிறார். மறுபக்கம் நீள்வட்டத்துக்குள் நட்சத்திரங்கள் சூழ நிற்பவர் இயேசு.

1284இல் தொடங்கி வெனிஸ் குடியரசு 1797இல் வீழும் வரை இந்தக் காசின் வடிவம் ஏறக்குறைய மாறவே இல்லை. எடை மூன்றரை கிராம், தங்கம் கிட்டத்தட்ட முழுத் தூய்மை. எங்கே போனாலும் நம்பி வாங்குவார்கள். எகிப்து, செங்கடல் வழியாக மிளகுக்கும் துணிக்கும் விலையாக இந்தியாவுக்கு வந்து குவிந்தது. வந்தது பெரும்பாலும் காசாகத் திரும்பிப் போகவில்லை, துளை போட்டு நம் கழுத்துகளில் ஏறியது. பிறகு இங்கேயே அதைப் பார்த்துப் போலிகளும் செய்தார்கள். ஏமாற்றுவதற்காக என்று மட்டும் சொல்ல மாட்டேன், அந்த உருவம் நகைக்கு வேண்டும் என்று விரும்பிக் கேட்டவர்களுக்காகவும் செய்தார்கள்.

உங்களுடையது அசலா, இங்கே செய்ததா? எழுத்தைப் பாருங்கள். மண்டியிட்டவரின் முதுகுப் பக்கம், விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழாக அந்தத் தலைவரின் பெயர் இருக்கும். கம்பத்தை ஒட்டி 'டக்ஸ்' என்ற லத்தீன் சொல் இருக்கும், தலைவர் என்று பொருள். பெயர் படிக்க முடிந்தால் காலம் கையில் வந்ததாகும், ஏனென்றால் ஒவ்வொருவரின் ஆட்சி ஆண்டும் பதிவில் உள்ளது. கடைசித் தலைவர் லுடோவிகோ மானின், 1789 முதல் 1797 வரை. எழுத்துகள் எழுத்தாக இல்லாமல் கோடும் புள்ளியுமாகச் சிதறியிருந்தால், லத்தீன் படிக்கத் தெரியாத கைவினைஞர் பார்த்து வெட்டிய அச்சு அது. உங்கள் படத்தில் பாதி எழுத்து நேராகவும் பாதி சிதறலாகவும் தெரிகிறது. கைப்பேசி விளக்கைக் காசின் பக்கவாட்டிலிருந்து படுக்கையாக அடித்து, வெளிச்சத்தை நான்கு திசைகளுக்கும் மாற்றி நான்கு படங்கள் எடுங்கள். நேரே அடிக்கும் வெளிச்சம் எழுத்தை விழுங்கிவிடும்.

இன்னொரு சோதனையை வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்யலாம். மில்லிகிராம் வரை காட்டும் தராசு உள்ள நகைக்கடையில், காசை முதலில் காற்றில் நிறுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, தராசின் மேல் வைத்த தண்ணீர்க் குவளைக்குள் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். குவளையின் எடை எவ்வளவு கூடுகிறதோ அதுதான் காசு விலக்கிய தண்ணீரின் எடை. காற்றில் நிறுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். காசு 3.300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தத் தங்கமானால் 0.171 கிராம் அளவுக்குக் கூடும். 22 காரட்டானால் 0.186ஐ ஒட்டி வரும். 18 காரட்டானால் 0.21ஐத் தாண்டும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், ஆகவே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி எந்தெந்த உலோகம் கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்தும் பார்க்கலாம், அதில் கீறல் விழாது. காசை உரைகல்லில் உரைக்க மட்டும் அனுமதிக்காதீர்கள்.

(உரைகல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தாய்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய குவான் லுக் பட் என்ற இடத்தில் ஓர் உரைகல் கிடைத்தது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று எழுதியிருக்கிறது. பெரும்பத்தன் என்ற பொற்கொல்லரின் கல். என் தந்தையைக் கடைவீதியில் பத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் செய்தியை அவருக்குப் படித்துக்காட்டிய அன்று அவர் சோறு உண்ணாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.)

காசின் துளையையும் கவனியுங்கள். வட்டமாகக் குத்திய துளை இப்போது மேல்நோக்கி நீண்டு கண்ணீர்த்துளி போல் ஆகியிருக்கிறது. நூலிலோ கம்பியிலோ மிக நீண்ட காலம் தொங்கினால்தான் தங்கம் இப்படித் தேயும். இரண்டு பக்க விளிம்புகளும் நடுப்பகுதியைவிட அதிகம் மழுங்கியிருக்கின்றன. பக்கத்துக் காசுகளோடு உராய்ந்த தேய்மானம் அது. தனிப் பதக்கமாக இல்லாமல் காசுமாலை ஒன்றின் நடுவே இருந்தது. துளை இயேசுவின் தலைக்கு நேர் மேலே போட்டிருப்பதால் கிறித்தவக் குடும்பம் என்று முடிவுகட்ட வேண்டாம். நீள்வட்டத்துக்குள் நிற்கும் உருவத்தை அவரவர் தம் தெய்வமாகப் பார்த்து நேராகத் தொங்கவிட்டிருக்கலாம்.

இனி மோதிரம். உள்பக்கத்தில் நங்கூரம், அதன் அருகில் 15, பிறகு .625, ஓர் எழுத்து. இந்த நங்கூரத்தைப் பார்த்துத்தான் கப்பல் மோதிரம், டேனிஷ் கப்பல் தலைவனுடையது என்று ஊரில் கதை கிளம்பியிருக்கும். நங்கூரத்துக்கும் கப்பலுக்கும் இங்கே சம்பந்தமில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத் தரச்சோதனை நிலையத்தின் முத்திரை அது, கடலே இல்லாத ஊர். லண்டனானால் சிறுத்தைத் தலை இருக்கும். 15 காரட் என்ற தரத்தை இங்கிலாந்து 1854இல் அனுமதித்து 1932இல் கைவிட்டது. ஆகவே மோதிரம் அந்த 78 ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டது. தரங்கம்பாடியை டேனிஷ்காரர் ஆங்கிலேயருக்கு விற்றது 1845இல். இந்த மோதிரம் பிறப்பதற்கு முன்பே அவர்கள் போய்விட்டார்கள்.

அந்த ஓர் எழுத்து ஆண்டைக் குறிப்பது. பர்மிங்காமில் அகரவரிசை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றிவரும். ஒவ்வொரு சுற்றிலும் எழுத்தின் பாணியும் அதைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவமும் மாறும். எழுத்தையும் கட்டத்தையும் தெளிவாகப் படம் எடுத்தால் ஆண்டைச் சொல்லிவிடலாம். செய்தவரின் முதலெழுத்துகளும் இருந்திருக்க வேண்டும், ஆனால் அந்த இடம் வெட்டுப்பட்டிருக்கிறது. எனக்கு இந்த மோதிரத்தில் மிக முக்கியமாகப் பட்டது அந்த வெட்டுதான்.

அடிப்பகுதியில் ஓர் அரிசி நீளத்துக்கு நிறம் வேறாக இருப்பதைக் கவனித்தீர்களா? மோதிரம் முழுவதும் சற்று வெளிறிய செம்மஞ்சள், அந்தத் துண்டு மட்டும் நல்ல மஞ்சள். யாரோ மோதிரத்தை அறுத்து, நம் ஊர் 22 காரட் தங்கத்தில் ஒரு துண்டு வைத்துப் பற்றவைத்து விரலுக்குப் பெரிதாக்கியிருக்கிறார். 15 காரட்டில் துண்டு தேட எந்தத் தமிழ்நாட்டுப் பத்தரும் மெனக்கெட மாட்டார், கையில் இருப்பதை வைப்பார். ஆக, இது வெள்ளைக்காரர் விரலிலிருந்து கடலில் நழுவிய மோதிரம் அல்ல. இங்கே ஒருவர் அணிந்து, அவருடைய விரல் பருத்தோ, வேறொருவருக்குக் கைமாறியோ, பட்டறைக்கு வந்து போயிருக்கிறது. எக்ஸ்ஆர்எஃப் கருவியில் அந்தப் பற்றுவாயைத் தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காட்மியம் காட்டினால் அது கேடிஎம் பற்றவைப்பு, கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நம் பட்டறைகளில் பரவியது. செம்பும் வெள்ளியும் மட்டும் காட்டினால் பழைய முறைப் பொடி வைத்து ஊதியது.

பர்மிங்காம் மோதிரம் இங்கே எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தவர்கள் இந்தக் கரையில் எத்தனை ஆயிரம் பேர்! ரஜூலா கப்பல் 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது, கரையிலிருந்து படகில் போய்க் கடலில் நின்ற கப்பலில் ஏறுவார்கள். மலாயாவிலும் பர்மாவிலும் கொழும்பிலும் ஆங்கிலேயக் கடைகள் இத்தகைய மோதிரங்களை விற்றன. ஊர் திரும்பியவர் மனைவிக்கு வாங்கிவந்ததாக இருக்கலாம். நிரூபிக்க முடியாது, ஆனால் கப்பல் கொள்ளைக் கதையைவிட இது நம்பத்தகுந்தது.

மோதிரத்தின் நடுவில் உள்ள மூன்று சிவப்புக் கற்களை, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் அடியில் இருட்டில் பாருங்கள். கனல்போல் சிவந்து ஒளிர்ந்தால் பெரும்பாலும் மாணிக்கம், ஒளிராமல் கறுத்து நின்றால் பெரும்பாலும் கார்னெட் என்ற வேறொரு சிவப்புக் கல். ஒளிர்ந்தால் ஒரு படி மேலே போக வேண்டும். செயற்கை மாணிக்கமும் அப்படித்தான் ஒளிரும், அது 1902க்குப் பின் சந்தைக்கு வந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் உள்ளே வளைந்த கோடுகள் தெரிந்தால் அது செயற்கை. இயற்கைக் கல்லில் கோடுகள் நேராகவே இருக்கும். இரு முனைகளிலும் உள்ள வெற்றுக் குழிகளில் அரை முத்துகள் இருந்திருக்கும், ஒட்டுப் பசையில் நிற்பவை என்பதால் அவைதான் முதலில் விழும்.

தோடு முழுக்க முழுக்க நம் ஊர் வேலை. கற்களின் பின்புறம் மூடியது, அடியில் மினுக்கத் தகடு வைத்து, அரக்கில் அமர்த்தி, ஓரத் தங்கத்தைத் தள்ளி இறுக்கியது. தகட்டுக்குத் தண்ணீர் ஆகாது, அதனால்தான் இதை ஊறவைக்க வேண்டாம் என்றேன். திருகாணியின் மரையைப் பாருங்கள்: புரிகள் ஒன்றுக்கொன்று இடைவெளி மாறி, கொஞ்சம் சாய்ந்து ஓடுகின்றன. கையால் வெட்டிய மரை. முத்திரை எதுவும் இல்லை. இந்தியத் தர நிறுவனத்தின் பிஐஎஸ் முத்திரை தங்க நகைக்கு 2000இல்தான் வந்தது, 2021இல்தான் படிப்படியாகக் கட்டாயமானது. ஆகவே முத்திரை இல்லாததை வைத்து மிகப் பழையது என்று சொல்ல முடியாது, ஒரு பாட்டிக்கு அவருடைய திருமணத்தின்போது செய்த தோடு என்று சொல்லலாம். அடர்த்திச் சோதனையை இதில் செய்யாதீர்கள், உள்ளே அரக்கு இருப்பதால் பொய்க் கணக்கு வரும்.

இந்தத் தோடுதான் என் மனத்தை மாற்றியது. சில கற்கள் கறுத்துவிட்டன, தண்ணீர் உள்ளே இறங்கித் தகடு கெட்டுப்போன இடங்கள் அவை. ஆனால் மற்றவை இன்னும் தீப்பொறி போல் மின்னுகின்றன. நூறாண்டு கடலிலும் மணலிலும் உருண்ட தோட்டில் ஒரு கல்கூட இப்படி மின்னாது. மோதிரத்தைத் திரும்பப் பாருங்கள்: நங்கூரத்தின் கொக்கிகள் கூர்மை மாறாமல் இருக்கின்றன. தங்கம் மென்மையானது, மணலில் அலை அதை உருட்டிக்கொண்டே இருந்தால் இத்தனை நுண்ணிய முத்திரை வழுவழுப்பாகிவிடும். காசின் தேய்மானமும் கழுத்தில் தேய்ந்ததுதான், அலையில் தேய்ந்தது அல்ல. அலை தேய்த்தால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் தேயும். மூன்றும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் பிறந்தவை, ஆனால் மூன்றின் கடல் வாழ்க்கையும் ஒரே அளவு, குறுகியது. பெரும்பகுதிக் காலம் மணலுக்குள் ஆழமாக அசையாமல் கிடந்திருக்கின்றன. பாட்டியின் தோடு, அவருக்கும் முந்தைய தலைமுறையின் காசு, கடல்கடந்து போய்வந்தவர் வாங்கிவந்த மோதிரம்: இப்படி மூன்றும் சேரும் இடம் ஒரு குடும்பத்தின் பெட்டி.

அந்தக் கரையில் ஒரு குடும்பத்தின் பெட்டி எப்போது மணலுக்குள் போயிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலோரம் இருந்த வீடுகளின் அடித்தளங்கள் பல இன்னும் மணலுக்குள் இருக்கின்றன, மக்கள் உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். உங்கள் மாமா கண்டெடுத்த இடத்துக்கு நேர் மேற்கே 2004க்கு முன் என்ன இருந்தது என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். அந்த மணல் கரையில் பொருள்கள் கிடந்த மட்டத்தில் சிமெண்டும் ஓடும் இருந்தனவா என்பதுதான் இதை உறுதிசெய்யும் அல்லது உடைக்கும்.

டேனிஷ்காரர் பற்றிய பேச்சுக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். அவர்கள் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். பழைய கரை பெருமளவு கடலுக்குள் போய்விட்டது, மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே அவர்கள் காலத்துப் பொருள் அந்தக் கரையில் கிடைப்பது வியப்பல்ல. ஆனால் கிடைப்பவை பெரும்பாலும் அரசரின் பெயரெழுத்தைப் பின்னிப் பொறித்த சிறு ஈயக் காசுகள், செப்புக் காசுகள். கோபன்ஹேகன் வெள்ளிப் பொருளானால் மூன்று கோபுர முத்திரை இருக்கும். உங்கள் மூன்றில் அப்படி எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய்வாருங்கள்.

சட்டத்தைப் பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள், அதனாலேயே பலர் மறைக்கிறார்கள். நேராகச் சொல்கிறேன். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், என்ன, எவ்வளவு, எங்கே, எப்போது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தரங்கம்பாடிக்கு இப்போது மயிலாடுதுறை ஆட்சியர். உரிமை கோருவோருக்கு அவர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டுக்கு மிகாமல் ஒரு நாள் குறிப்பார். யாரும் உரிமையை நிலைநாட்டவில்லை என்றால் கண்டெடுத்தவருக்குப் பங்கு உண்டு. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். இது புதையல் அல்ல, தொலைந்த பொருள்தான் என்று ஆனாலும், உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி செய்யாமல் சொந்தமாக்கிக்கொள்வது தனிக் குற்றம். எந்த வழியில் பார்த்தாலும் ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்கிவிடுவது உங்கள் மாமாவுக்குப் பாதுகாப்பு. ஒன்று மட்டும்: நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டில் காசுக்கு நல்ல விலை என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள்.

கடைசியாக, அந்த வீட்டைத் தேடுவது எப்படி என்று சொல்கிறேன். சுனாமி முடிந்து ஐந்தாறு மாதம் இருக்கும். ஓர் அம்மா ஒற்றை ஜிமிக்கியைத் துணியில் முடிந்துகொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். ஜோடி செய்யக் கேட்பார் என்று நினைத்தோம். அவர், "ஜோடி செய்ய வேண்டாம் பத்தரே. இதன் ஜோடி யார் கையிலாவது கிடைத்தால் உருக்க உங்களிடம்தான் கொண்டுவருவார்கள். வந்தால் எனக்குச் சொல்லுங்கள்" என்றார். மகளுடையது. என் தந்தை எடை போட்டு, ஒவ்வொரு மணியையும் எண்ணி, நோட்டில் படம் வரைந்துகொண்டார். ஜோடி வரவில்லை. தந்தை போன பிறகும் அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. உங்கள் படத்தைப் பார்த்தவுடன் நான் முதலில் எடுத்தது அதைத்தான். இது தோடு, அது ஜிமிக்கி என்று தெரிந்தும் எடுத்தேன்.

ஒற்றைத் தோட்டுக்கு எங்கோ ஒரு ஜோடி இருக்கலாம், யாரோ அதைத் துணியில் முடிந்து வைத்திருக்கலாம். சந்திரபாடியிலும் தரங்கம்பாடியிலும் மீனவர் பஞ்சாயத்தாரிடம், கரையில் ஒரு மோதிரமும் ஒற்றைத் தோடும் கிடைத்திருக்கின்றன என்று மட்டும் சொல்லுங்கள். அதை ஒட்டிய பட்டறைகளில் வயதான பத்தர் யாராவது இருந்தால் தோட்டின் பின்புறத்தை, அதை மட்டும், காட்டுங்கள். தன் கைவேலையும் தன் குருவின் கைவேலையும் அவருக்குத் தெரியும். காசைப் பற்றி இப்போதைக்கு வெளியே பேச வேண்டாம், அது இருப்பதைத் தானாகச் சொல்பவர்தான் நீங்கள் தேடுபவர். தோட்டில் கற்கள் எத்தனை, எப்படி அமைந்திருக்கின்றன என்பதை நான் இந்தப் பதிலில் எங்கும் எழுதவில்லை. நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள், முன்பக்கப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். உரிமை கோரி வருபவர் அதைச் சொல்லட்டும்.